ரேஸ் கார்டில் முதலில் அடிக்க வேண்டிய பெயர்கள்

கிண்டியில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கிலாந்தின் குளிர்கால ரேஸ் சட்டென்று பிடிபடாது. ஸ்டார்ட்டிங் கேட் கிடையாது. ஒரு நாடாவுக்கு முன்னால் குதிரைகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஓரளவு வரிசை சேர்ந்ததும் நாடாவை விடுவார்கள், அவ்வளவுதான். தூரம் குறைந்தது ஏறக்குறைய 2 மைல். வழியில் தடைகள்: ஹர்டில் ரேஸ் என்றால் 3 அடி 6 அங்குலம், சேஸ் என்றால் 4 அடி 6 அங்குலத்துக்குக் குறையாத அடர்ந்த வேலிகள். ஓடுபவை பெரும்பாலும் காயடித்த ஆண் குதிரைகள். தடையே இல்லாத ஃப்ளாட் ரேஸில் நன்றாக ஓடிய குதிரையை மூன்று, நான்கு வயதிலேயே இனப்பெருக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை என்பதால் பத்து, பன்னிரண்டு வயது வரை அதே குதிரை வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும். எந்த மைதானத்தில், எந்தத் தரையில், எத்தனை மைலில் என்ன செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரலாறு இருக்கும். கணிக்க உட்காருகிறவனுக்கு இது பெரிய வசதி.

நான் இருப்பது லண்டனில், க்ராய்டன் பக்கம். விக்டோரியாவிலிருந்து லூயிஸ் போகும் ரயிலில் ஏறினால் ப்ளம்ப்டன் ஸ்டேஷனை ஒட்டியே ரேஸ் மைதானம். சின்ன மைதானம், ஒரு சுற்று சுமார் 9 ஃபர்லாங். பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் ரேஸ் வைப்பார்கள். ஜம்ப் ரேஸின் பெரிய விழாவான செல்டனம் திருவிழாவின் ஆரவாரமெல்லாம் இங்கே இருக்காது. ஆனால் ஒரு நாள் முழுக்க ஆறேழு ரேஸை எடைபோட்டுப் பழக இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. கூட்டம் குறைவு, வேலிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், குதிரையின் மூச்சுச் சத்தம் கேட்கும்.

முந்தின நாள் இரவு ரேஸ் கார்டை, அதாவது அன்றைய ரேஸ்களும் குதிரைகளும் அடங்கிய பட்டியலை, அச்செடுத்து வைத்துக்கொள்வேன். ஜெயிக்கப் போவது எது என்று தேடுவதில்லை. இன்றைக்கு, இந்தத் தரையில், இந்த மைதானத்தில், இந்தத் தூரத்துக்கு எதனால் முடியாது என்று பார்த்து அடித்துக்கொண்டே வருவேன். பத்துக் குதிரையில் நாலைந்து இப்படிப் போய்விடும். மிச்சம் இருப்பவற்றுக்கு மட்டும் மூளையைச் செலவழித்தால் போதும்.

முதல் அடி தரையைப் பார்த்து. ரேஸ் கார்டின் தலைப்பிலேயே தரை எப்படி என்று, சேறான ஹெவியில் தொடங்கி சாஃப்ட், குட் டு சாஃப்ட், இளகாத குட் என்று போட்டிருப்பார்கள். மைதானப் பொறுப்பாளர் கோயிங் ஸ்டிக் என்ற கருவியைப் பல இடங்களில் குத்திப் பார்த்து ஒரு எண்ணும் தருவார்; எண் குறையக் குறையத் தரை இளகல். ஆனால் அது காலை நிலவரம். ப்ளம்ப்டன் மாதிரிக் களிமண் பூமியில் மதியம் ஒரு மணி நேரம் தூறினால் கதையே வேறு. அதனால் முதல் ரேஸின் நேரத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்வேன். அந்தத் தூரத்துக்கான வழக்கமான நேரத்தைவிட இருபது, முப்பது வினாடி கூடியிருந்தால் பலகையில் ‘சாஃப்ட்’ என்று எழுதியிருந்தாலும் கீழே கிடப்பது ஹெவிதான். முதல் ரேஸ் முடிந்து வரும் ஜாக்கிகளின் வெள்ளை பிரீச்சஸைப் பாருங்கள். முழங்கால் வரைக்கும் சேறு என்றால் ஒரு மாதிரி. கண்ணாடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றி மட்டும் தோல் தெரிகிறது என்றால் வேறு மாதிரி.

சேறு எல்லாக் குதிரைக்கும் ஒரே தண்டனை இல்லை. குளம்பு அகலமாக, முழங்காலை உயரத் தூக்கி ஓடுகிற குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும். தரையை ஒட்டிச் சறுக்குவது மாதிரி நளினமாக ஓடுவது, மூன்றாவது மைலில் நின்றுவிடும். இதைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய ஓட்டங்களில் ஹெவி, சாஃப்ட் என்றிருந்த நாட்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஐந்தாறு முறை ஈரத்தில் ஓடி ஒரு தடவைகூட முதல் மூன்றுக்குள் வரவில்லை என்றால், எவ்வளவு பெரிய ட்ரெயினராக இருந்தாலும் பென்சிலை எடுத்துவிடலாம். ஈரத்தில் இன்னும் ஓடியே இராத குதிரை வேறு விஷயம். அதை அடிக்கவும் கூடாது, நம்பவும் கூடாது.

அடுத்தது மைதானம். டிவியில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். நேரில் போனால்தான் மேடும் பள்ளமும் தெரியும். செல்டனத்தில் கடைசி வேலிக்குப் பிறகு ஏற்றம். அங்கே முன்னால் வந்த குதிரை மூச்சு முட்டித் தோற்பதை எத்தனையோ முறை பார்க்கலாம். கெம்ப்டன் தட்டை, வலப்புறம் திரும்பும் மைதானம். வேகமும் சுத்தமான தாண்டலும் இருந்தால் போதும். சாண்டவுனில் ரயில் பாதையை ஒட்டி மூன்று வேலிகள் அடுத்தடுத்து நிற்கும். முதலாவதில் தடுமாறினால் மூன்றாவது வரை தடுமாற்றம்தான். ஃபான்ட்வெல்லில் சேஸ் பாதை எட்டு வடிவத்தில் வளைந்து வரும். ப்ளம்ப்டன் இடப்புறம் திரும்பும், இறுக்கமான வளைவுகள், பின் நேர்பாதையில் இறக்கம், முடிவில் ஏற்றம். நீண்ட எட்டு வைத்து ஓடும் பெரிய குதிரை வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

வலம், இடம் என்பது கதை இல்லை. சில குதிரைகள் வேலியைத் தாண்டும்போதே ஒரு பக்கம் சாயும். வலப்புறம் சாயும் குதிரை இடப்புற மைதானத்தில் ஒவ்வொரு வேலிக்கும் ஓரிரு குதிரை நீளம் இழக்கும். பதினெட்டு வேலிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டெஸர்ட் ஆர்க்கிட் என்ற புகழ்பெற்ற சாம்பல் குதிரை வலப்புற மைதானமான கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் சேஸை 1986, 1988, 1989, 1990 என நான்கு முறை ஜெயித்தது. இடப்புறம் அதற்குச் சரிவராது என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிப்பட்ட குதிரை 1989ல் செல்டனத்தில், இடப்புற மைதானத்தில், அதுவும் கடும் சேற்றில் கோல்டு கப்பை வாங்கிவிட்டது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் பெயரை முழுசாக அடிப்பதில்லை. மெல்லிய கோடு மட்டும் போடுவேன். மகா குதிரைகளுக்கு விதி கொஞ்சம் வளையும். திங்கட்கிழமை ப்ளம்ப்டனுக்கு வருபவை மகா குதிரைகள் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, தாண்டல். பெயருக்கு முன்னால் இருக்கும் எண்களும் எழுத்துகளும்தான் அதன் ஜாதகம். 1, 2, 3 என்பவை வந்த இடம். ‘எஃப்’ என்றால் விழுந்தது. ‘யு’ என்றால் குதிரை விழவில்லை, ஜாக்கி மட்டும் விழுந்தார். ‘பி’ என்றால் பாதியில் ஜாக்கியே நிறுத்திவிட்டார். நடுவில் வரும் சிறு கோடு, சீசன் மாறியதைக் காட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் ‘எஃப்’ கண்டால் அலறுவார்கள். எனக்கு ‘பி’தான் பயம். விழுந்த குதிரை அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு ‘பி’ என்றால் உடம்பில் ஏதோ இருக்கிறது, அல்லது ஓட மனசில்லை. எங்கே விழுந்தது என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது வேலியில் விழுந்தால் பயிற்சிக் குறை. கடைசி வேலியில், களைத்துப்போய் விழுந்தால் தூரம் அதற்கு அதிகம். இன்றைக்கு அரை மைல் குறைவாக ஓடவிட்டிருந்தால் அதைக் கவனிக்கலாம். பத்து நீளம் முன்னால் இருக்கும்போது விழுந்தால் அது வெறும் துரதிர்ஷ்டமாக இருக்கலாம். காலப்பா தே ஷான் என்ற குதிரை 2022ல் செல்டனத்தில் அப்படித்தான், எல்லாவற்றையும் எங்கோ விட்டுவிட்டு வந்து கடைசி வேலியில் விழுந்தது. அடுத்த இரண்டு வருஷமும், 2023, 2024, கோல்டு கப் அதற்கே.

ஆனாலும் ஜம்ப் ரேஸில் எந்தக் குதிரைக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு தொண்ணூறு சதவீதம் என்று நான் கொடுக்க மாட்டேன். 2025 சாம்பியன் ஹர்டிலை நினைத்துக்கொள்வேன். கான்ஸ்டிடியூஷன் ஹில், எல்லோருடைய பணமும் அதன் மேல், நடுவிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு ஸ்டேட் மேன் தனியாக முன்னால் வந்து கடைசித் தடையில் விழுந்தது. கோல்டன் ஏஸ் 25-1 விலையில், அதாவது ஒரு பவுண்டு கட்டினால் 25 பவுண்டு லாபம் என்ற விலையில், ஜெயித்தது. அந்த இரண்டும் மோசமான தாண்டிகள் இல்லை. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டம்தான் என்று 1996ல் நம் உச்ச நீதிமன்றம், சென்னை ரேஸ் கிளப் விவகாரத்தில் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புதான். ஜனவரி மாதம் ப்ளம்ப்டனில் கடைசி வேலிப் பக்கம் நின்று பார்த்திருந்தால் நீதிபதிகள் இன்னொரு பத்தி சேர்த்து எழுதியிருப்பார்களோ என்னவோ.

எடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமப்படுத்துவதுதான் ஹேண்டிகேப் ரேஸ். அதில் ஒவ்வொரு குதிரைக்கும் அதிகாரப்பூர்வ ரேட்டிங் உண்டு. ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு. 120 ரேட்டிங் குதிரை 11 ஸ்டோன் 10 பவுண்டு சுமந்தால் 110 ரேட்டிங் குதிரைக்கு 11 ஸ்டோன். ஒரு நீளத்துக்கு ஒரு பவுண்டு என்பது தோராயக் கணக்கு. போன தடவை நாலு நீளத்தில் தோற்றது, இன்றைக்கு அதே எதிராளியைவிட ஆறு பவுண்டு சாதகம் என்றால் காகிதத்தில் முன்னால் வர வேண்டும். காகிதத்தில்தான். நான் அதைவிட அதிகம் பார்ப்பது, ரேட்டிங் இறங்கி இறங்கி, கடைசியாக ஜெயித்த எண்ணுக்கு வந்துவிட்ட குதிரையை. அந்தக் குதிரையை ட்ரெயினர் பழைய வெற்றி மைதானத்துக்கே, பழைய தரைக்கே கூட்டி வந்திருந்தால் சும்மா காற்று வாங்க வரவில்லை என்று அர்த்தம். கற்றுக்குட்டி ஜாக்கிகளுக்கு 7, 5, 3 பவுண்டு சலுகை உண்டு; 75 வெற்றி ஆனதும் அது போய்விடும். எழுபது வெற்றியைத் தொட்ட பையன் சலுகையோடு ஏறுகிறான் என்றால் அது கிட்டத்தட்ட இலவசம்.

கார்டில் சின்ன எழுத்தில் இருப்பவற்றைக் கண்ணாடி போட்டாவது படியுங்கள். மூச்சுக்குழாய்க்கு அறுவை செய்த பிறகு முதல் ஓட்டம் என்றால் பிரிட்டனில் 2018 முதல் அதைச் சொல்லியாக வேண்டும். முன்னால் வந்து கடைசியில் நின்றுவிடும் குதிரை அந்த அறுவைக்குப் பிறகு வேறு குதிரையாக வரக்கூடும். முதல் முறை கன்னப்பட்டை (பக்கப் பார்வையைக் குறைக்க), முதல் முறை நாக்குக் கட்டு (நாக்கு மூச்சை அடைக்காமல் இருக்க), எல்லாமே ட்ரெயினர் ஏதோ ஒன்றைச் சரிசெய்யப் பார்க்கிறார் என்பதற்கு அடையாளம். பலித்ததா என்பது ஓடிய பிறகுதான் தெரியும்.

யார் முன்னால் போவார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ப்ளம்ப்டன் மாதிரி இறுக்கமான மைதானத்தில், ஏழு குதிரை ரேஸில், முன்னோடிக் குதிரை ஒன்றே ஒன்று என்றால் அது தன் இஷ்டத்துக்கு வேகம் வைக்கும், வேலியும் அதற்குத் தெளிவாகத் தெரியும். அதன் சதவீதத்தை ஏற்றிவிடுவேன். மூன்று முன்னோடிகள் இருந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். பின்னால் பொறுமையாக வருவதைத் தேடுவேன். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இதுதான் அதிகம் உதவியிருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு மிச்சமிருக்கும் குதிரைகளுக்குச் சதவீதம் எழுதுவேன். கூட்டினால் நூறு வர வேண்டும். அடித்த பெயர்களுக்கும் மொத்தமாக ஒரு பத்து ஒதுக்குவேன், ஏனென்றால் அவையும் சில நாள் ஜெயிக்கும். இதை எழுதி முடிக்கும் வரை விலையைப் பார்ப்பதில்லை. விலையைப் பார்த்துவிட்டால் மனசு தானாக, விலை மிகக் குறைந்த ஃபேவரிட்டுக்கு நியாயம் தேட ஆரம்பித்துவிடும்.

விலையைச் சதவீதமாக்குவது சுலபம். 7-2 என்றால் ஏழையும் இரண்டையும் கூட்டி ஒன்பது. ஒன்பதில் இரண்டு, அதாவது 22 சதவீதம். ஆறு குதிரை ரேஸில் 2-1, 3-1, 4-1, 6-1, 10-1, 12-1 என்று பலகையில் இருக்கிறது என்று வையுங்கள். 33, 25, 20, 14, 9, 8. கூட்டினால் நூற்றொன்பது வருகிறது. நூறுக்கு மேல் இருக்கும் அந்த ஒன்பதுதான் புக்கியின் சோறு. ஆக, ஒரு குதிரைக்கு 25 சதவீதம் என்று நான் எழுதியிருந்து விலை 4-1 இருந்தால்தான் யோசிப்பேன். 5-2 என்றால், அது ஜெயிக்கும் என்று தோன்றினாலும் எனக்கு வேலை இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைத்த பணத்துக்கு மேல் பையில் கை போகக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்த கணக்குதான்.

ஈச்-வே, அதாவது ஜெயிப்பதற்குப் பாதி, முதல் சில இடங்களுக்குள் வருவதற்குப் பாதி என்று பணம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எட்டுக் குதிரை ஓடினால் மூன்று இடத்துக்குப் பணம். ஏழானால் இரண்டு இடம்தான். காலையில் எட்டாக இருந்து மதியம் ஒன்று விலகிவிட்டால் உங்கள் மூன்றாம் இடத்துக்கு மதிப்பு பூஜ்யம். குளிர்காலத்தில் தரை மாறியதும் குதிரையை எடுத்துவிடுவது சர்வ சாதாரணம். எட்டே எட்டு பெயர் உள்ள ரேஸில் ஈச்-வேயைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடுவது நல்லது.

மைதானத்துக்குப் போனதும், ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கின் வேலி ஓரம் நிற்பேன். பின்னங்கால்களுக்கு நடுவே சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வியர்வை இருந்தால் பதற்றம். ஓட வேண்டிய சக்தி அங்கேயே வடிகிறது. ஆனால் சில குதிரைகள் எப்போதுமே அப்படித்தான், அதனால் போன தடவை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது பயன்படும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரையின் விலாவைப் பார்ப்பேன். கடைசி இரண்டு விலா எலும்பின் கோடு லேசாகத் தெரிந்தால் தயார். வயிறு உருண்டையாக இருந்தால் இன்றைக்கு அதற்கு உடற்பயிற்சி நாள்.

சில நாள் டூட்டிங்கிலிருந்து யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரும் கூட வருவார். அவர் பெயரைப் பார்த்துக் கட்டுகிறவர்.

“தம்பி, இதிண்ட பேர் நல்லாக் கிடக்கு. அஞ்சு பவுண்ஸ் போடுவமே?”

“அண்ணே, அது ஈரத்துல ஒரு தடவைகூட ஓடி முடிச்சதில்ல. ரெண்டு தடவை பாதியில நிறுத்தியிருக்காங்க.”

“உங்கட கணக்கு உங்களோட இருக்கட்டும். குதிரைக்குக் கணக்குத் தெரியுமே?”

அது பாதியில் நின்றது. அடுத்த ரேஸில் பெயருக்காகவே இன்னொன்றைக் கட்டினார். அது 14-1ல் வந்து தொலைத்தது. ரயிலில் க்ராய்டன் வரை அந்தப் பேச்சுதான்.

அதே நாளில் நான்காவது ரேஸ், 3 மைல் சொச்சம் ஹேண்டிகேப் சேஸ், ஒன்பது குதிரை. இரவே நாலை அடித்திருந்தேன். மிச்சத்தில் ஒரு பத்து வயதுக் குதிரைக்கு 28 எழுதியிருந்தேன்; வேகம் இல்லை, ஆனால் வேலிக்கு வேலி ஒரு நீளம் சம்பாதிக்கும் தாண்டி. பலகையில் 5-1. என் கணக்குக்கு அருமையான விலை. அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு: தாழ்ந்த சூரியன் காரணமாக நேர்பாதை வேலிகள் இந்த ரேஸில் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் மதியம் இரண்டுக்கு மேல் சூரியன் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். குதிரைக்கு வேலி தெரியாது. (வேலியடியில் இருக்கும் பலகையைக்கூட, ஆரஞ்சு நிறம் குதிரைக் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு சொன்ன பிறகு, 2022 முதல் வெள்ளைக்கு மாற்றினார்கள்.) வேலி குறைந்தால் என் தாண்டிக்கு மூலதனமே குறைகிறது. கடைசி வேலி இல்லாமல் நீண்ட வெற்றோட்டம் என்றால் வேகம் உள்ளதுக்கே லாபம். 28ஐ அடித்து 17 என்று எழுதினேன். 5-1க்கு அதே 17தான். விட்டுவிட்டேன். அது இரண்டாவது வந்தது. கடைசி இரண்டு ஃபர்லாங்கில் ஒரு ஏழு வயதுக் குதிரை அதைச் சாதாரணமாகக் கடந்து போனது. இப்படி மாறும் என்று முன்பே நினைக்காதவர்கள் புலம்பிக்கொண்டு நின்றார்கள். டிசம்பரில் வானம் தெளிவாக இருக்கும் என்றால், இரண்டு மணிக்குப் பிந்தைய சேஸ்களுக்கு நான் இப்போது முந்தின இரவே இரண்டு கணக்கு எழுதி வைக்கிறேன், வேலியோடு ஒன்று, வேலி இல்லாமல் ஒன்று.

நாளின் கடைசி ரேஸ் பெரும்பாலும் பம்பர். தடையே இல்லாமல், இன்னும் தாண்டாத இளம் குதிரைகள் ஓடுவது. பாதிக் குதிரைகளுக்கு வரலாறே இருக்காது. அதைக் கட்டாமல் பார்ப்பேன். அடுத்த வருஷம் அவையே ஹர்டிலுக்கு வரும்போது குறிப்பு உதவும். மொத்தத்தில் ஏழு ரேஸில் எனக்கு ஏதாவது தெரியும் என்று சொல்லக்கூடியவை ஒன்றோ இரண்டோதான். சில திங்கட்கிழமைகளில் அதுவும் இல்லை. டீயும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வேலி ஓரம் நின்றுவிட்டு வருவேன்.

வீட்டுக்கு வந்ததும் முடிவுகளை விட்டுவிட்டு ரீப்ளேயைப் பார்க்கிறேன், அதுவும் ஜெயித்த குதிரையை இல்லை. நாலாவது, ஐந்தாவது வந்தவற்றை. வேலிக்கு வேலி வலப்புறம் சாய்ந்துகொண்டே வந்து, அப்படியும் எட்டு நீளத்துக்குள் முடித்த ஒன்றுக்குப் பக்கத்தில் ‘சாண்டவுன் அல்லது கெம்ப்டன், சாஃப்ட், முன்னால் ஓடவிட்டால்’ என்று எழுதியிருக்கிறேன். ரேட்டிங் இன்னும் இரண்டு மூன்று புள்ளி இறங்கட்டும் என்று அதன் ட்ரெயினரும் காத்திருக்கிறார் போல. பிப்ரவரி வரைக்கும் அதை எங்கும் பதிவு செய்யவில்லை.